படிக்கட்டுக்கு அடியில் ஒரு முதலமைச்சர்

மூன்று வாரமாக எனக்கு ஒரு கோபம். இறங்கவே மாட்டேன் என்கிறது. வீட்டில் எல்லாரிடமும் காட்டிப் பார்த்துவிட்டேன். குக்கரிடம்கூடக் காட்டியாகிவிட்டது. மிச்சம் இருப்பது நீங்கள்தான்.

விஷயம் இதுதான். லிட்டில் இந்தியாவில் ஒரு மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு சங்கம் வினாடி வினாப் போட்டி நடத்தியது. சங்கத்தின் பெயர் வேண்டாம்... நல்ல காரியங்களும் செய்கிறவர்கள்தான். என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். பத்தி எழுதுகிறவளுக்குப் பொது அறிவு இருக்கும் என்று யாரோ அவர்களை நம்பவைத்திருக்கிறார்கள்.

மேடையில் மூன்று நாற்காலிகள். நடுவில் தலைமை நடுவர், சங்கத் தலைவர் தணிகாசலம் அண்ணன். கேள்வி கேட்பதும் அவர்தான். ஒரு பக்கம் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். இன்னொரு பக்கம் நான், மதிப்பெண் தாளும் பேனாவுமாக. விடை சரி என்றால் டிக், தப்பு என்றால் குறுக்கே ஒரு கோடு. என் வேலை அவ்வளவுதான்.

இறுதிச் சுற்றுக்கு இரண்டு அணிகள் வந்திருந்தன. ஒன்று செங்காங் குடியிருப்பாளர் அணி. மூன்று பேரும் பெரிய வேலையில் இருப்பவர்கள், ஒரே நிறத்தில் டீ-ஷர்ட், நெஞ்சில் அணியின் பெயர். இன்னொன்று கிராஞ்சி விடுதியிலிருந்து வந்த கட்டுமான ஊழியர்கள். லாரியில் வந்தவர்கள். தேய்த்த சட்டை கசங்கிவிடக் கூடாது என்று பையில் கொண்டுவந்து, மண்டபத்துக் கழிவறையில் மாற்றிக்கொண்டார்களாம். செங்காங் அணி மாடியில் குளிர்சாதன அறையில் காத்திருந்தது. இவர்கள் கீழே, படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே பிரியாணிப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் மாடி ஏறினேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

கிராஞ்சி அணிக்குத் தலைவர் வேல்முருகன். முப்பத்தொரு வயது. ஒல்லி. மணியிலிருந்து கையை எடுக்கவே மாட்டார். நதிகள், அரசியல் சட்டம், உலக நாணயங்கள் என்று எதைக் கேட்டாலும் பதில் வந்தது. இரண்டு அணியும் சமமாகவே வந்து கடைசிக் கேள்வியில் நின்றன.

தணிகாசலம் அண்ணன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"தேர்தல் வழியாக வந்து சிங்கப்பூர் அரசாங்கத்துக்குத் தலைமை வகித்த முதல் மனிதர் யார்?"

வேல்முருகன்தான் முதலில் மணியை அடித்தார். ஒரு பெயரைச் சொன்னார். அது என்ன பெயர் என்று நீங்களே தேடிப் பாருங்கள், இரண்டு நிமிஷம்கூட ஆகாது. எங்களுக்கு அந்த இரண்டு நிமிஷம்தான் இல்லாமல் போனது.

"1955-ல முதலமைச்சரா இருந்தாருங்க ஐயா" என்று சேர்த்துக்கொண்டார்.

தணிகாசலம் அண்ணன் தாளைப் பார்த்தார். வேல்முருகனைப் பார்த்தார். பிறகு சபையைப் பார்த்துச் சிரித்தார்.

"முதலமைச்சரா? தம்பி, அதெல்லாம் உங்க ஊர்ல லா! இங்க பிரதமர்!"

மண்டபமே சிரித்தது. கைத்தட்டல் வேறு. வேல்முருகன், "ஐயா, பிரதமருக்கு முன்னாடி இங்கயும்..." என்று ஆரம்பித்தார். அதற்குள் அறிவிப்பாளர் மைக்கை வாங்கிச் செங்காங் அணியிடம் கொடுத்துவிட்டார். தாளில் இருந்த முதல் பிரதமரின் பெயரை அவர்கள் சொன்னார்கள். கோப்பை அவர்களுக்கு.

எனக்கும் அந்த நொடியில் எங்கோ இடித்தது. பள்ளிக்கூடத்தில் எப்போதோ படித்த மாதிரி... "அண்ணே, ஒரு நிமிஷம், செக் பண்ணிக்கலாமா?" — கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பி, "போடுங்க மா" என்றார். போட்டேன். குறுக்கே ஒரு கோடு, நன்றாக அழுத்தி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து, உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகளிடம் இதை ஒரு ஜோக் மாதிரி சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. போனைக் கீழே வைத்தாள். பதினைந்து வயதுப் பெண் தானாகப் போனைக் கீழே வைத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"அம்மா... ஆர் யூ சீரியஸ்? இது செகண்டரி டூ ஹிஸ்ட்ரி லா! அந்த அங்கிள் சொன்னதுதான் கரெக்ட். நீங்கதான் ராங். நீங்க மூணு பேரும் ராங்!"

பழைய பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் போட்டாள். இருந்தது. படத்தோடு இருந்தது. மறுநாள் நூலகத்துக்குப் போய் இன்னும் இரண்டு புத்தகங்களைப் புரட்டினேன். அவற்றிலும் இருந்தது.

1955-லிருந்து 1959 வரை இந்த ஊரில் முதலமைச்சர் பதவி இருந்திருக்கிறது. இரண்டு பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். 1959-ல் சுயாட்சி வந்த பிறகுதான் பிரதமர் என்ற பதவியே வந்தது. முதலாமவர் வழக்கறிஞர். தேர்தலில் ஜெயித்து வந்தவர். ஆனால் மேலே வெள்ளைக்கார ஆளுநர். காசும் காவலும் அவர்கள் கையில். முதலமைச்சர் என்று பெயர் மட்டும் கொடுத்துவிட்டு, அந்த மனிதர் உட்கார ஒரு அறைகூடக் கொடுக்கவில்லை. மரத்தடியில் மேசை போட்டு உட்காருவேன் என்று அவர் மிரட்டிய பிறகுதான், படிக்கட்டுக்கு அடியில் ஒரு பொந்து மாதிரி இடம் ஒதுக்கினார்களாம்!

லண்டனுக்குப் போய்ச் சுயாட்சி கேட்டார். கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் விலகிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், சொன்னபடியே விலகினார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு வரியை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இன்னொரு விஷயமும் அங்கே படித்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது சொல்லுங்கள், நமக்கு முதலமைச்சர் என்றால் யார்? சென்னைக் கோட்டையில் இருப்பவர். வேறு யார்? தேக்காவில் எந்தக் காப்பிக்கடையில் வேண்டுமானாலும் போய் உட்காருங்கள். யாருக்கு எத்தனை தொகுதி, யாரோடு யார் கூட்டணி, ஆளுநர் எந்தக் கோப்பில் கையெழுத்துப் போடவில்லை... எல்லாம் தெரியும் நமக்கு. அங்கே ஓட்டு கிடையாது, வீடு கிடையாது, பலருக்கு வழிகூடத் தெரியாது. ஆனால் அடுத்த முதல்வர் யார் என்று மேசையைத் தட்டிச் சண்டை போடுவோம். தணிகாசலம் அண்ணன் அந்த ஊர் முதலமைச்சர்கள் அத்தனை பேரையும் வருஷத்தோடு வரிசையாக ஒப்பிப்பார். நானே கேட்டிருக்கிறேன். அவர் பிறந்தது இங்கே, கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில்!

அந்த ஊரிலிருந்து வந்த மனிதருக்கு நம் ஊர் முதலமைச்சரைத் தெரிந்திருக்கிறது. நாம் அவரைப் பார்த்து, "அதெல்லாம் உங்க ஊர்ல" என்கிறோம். வெட்கமாக இல்லை? எனக்கு இருந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அதெல்லாம் காலனி காலத்துக் கதை மா. அதைக் கணக்குல எடுக்க முடியுமா?"

"அண்ணே, கேள்வி அதைத்தானே கேக்குது? தேர்தல்ல வந்த முதல் ஆள்..."

"டெக்னிக்கலா நீங்க சொல்றது இருக்கலாம் லா. கப்பு செங்காங் போயிடுச்சு. ஃபோட்டோ பேப்பர்ல வந்துடுச்சு. விடுங்க மா. ஒர்க்கர் பிள்ளைங்கதானே, அவங்களுக்கு ஆளுக்கொரு பிரியாணி குடுத்து நல்லாத்தான் அனுப்பினோம்."

பிரியாணி கொடுத்தாகிவிட்டதாம்! ஒருத்தர் சொன்ன சரியான விடையை மேடையில் வைத்துத் தப்பாக்கிவிட்டு, அதற்குப் பதில் ஒரு பொட்டலம். நான் போனை வைத்துவிட்டேன். வைத்தேன் என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை.

அதோடு முடிந்ததா? இல்லை. அந்த வார நடுவில் என் நாத்தனார் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். பதினைந்து விநாடி. வேல்முருகன் விடை சொல்கிறார், அண்ணன் "உங்க ஊர்ல லா" என்கிறார், சபை சிரிக்கிறது. கீழே வரிசையாகக் கண்ணீர் வரச் சிரிக்கும் மூஞ்சிகள். ஓரத்தில், நடுவர் நாற்காலியில், நான். பல் தெரிய.

போட்டி முடிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கிராஞ்சிக்குக் கிளம்பிவிட்டேன். ரயிலிலிருந்து இறங்கி பஸ்ஸுக்கு நின்றேன்... நின்றேன்... நின்றுகொண்டே இருந்தேன். நாற்றுப் பண்ணைகளைத் தாண்டி விடுதி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது தலைவலி வந்திருந்தது. வேல்முருகனின் போன் நம்பரை, போட்டியின் பதிவுத் தாளிலிருந்து எடுத்து முன்னாடியே பேசியிருந்தேன். வாசலுக்குப் பக்கத்துக் கடையில் காத்திருந்தார். அதே தேய்த்த சட்டை.

"நீங்க எதுக்கு மேடம் இவ்ளோ தூரம்... உக்காருங்க. டீ சொல்லட்டுமா?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போய், "ஐயோ, நீங்க என்ன மேடம் பண்ணுவீங்க, தலைவர் சொன்னதைப் போட்டீங்க" என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

டீ வந்தது. மெதுவாகப் பேச ஆரம்பித்தார். ஊரில் நாலு வருஷம் அரசுத் தேர்வுக்குப் படித்திருக்கிறார். குரூப் டூ. இரண்டு தடவை கொஞ்சத்தில் போய்விட்டது. ஆளுநரின் அதிகாரம், முதலமைச்சரின் கடமைகள், அமைச்சரவை எத்தனை மாதத்துக்குள் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாம் மனப்பாடம். பிறகு தங்கை கல்யாணம், பிறகு சிங்கப்பூர். இங்கே வந்தும் பழக்கம் விடவில்லை. லீவு நாளில் நூலகம். ஒரு ஊருக்கு வந்தால் அந்த ஊர் அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா என்று என்னைக் கேட்டார். இங்கேயே பிறந்த என்னை!

"இப்ப விடுதியில எனக்குப் பேரு என்ன தெரியுங்களா மேடம்? சி.எம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"காலைல லாரியில ஏறும்போதே ஆரம்பிச்சிடுவாங்க. 'சி.எம். வராரு, வழி விடுங்கப்பா.' சூப்பர்வைசரும் அப்படித்தான் கூப்பிடுறாரு. கேலி பண்றது பரவால்ல மேடம், அது எல்லாருக்கும் நடக்கறதுதான். ஊருக்கும் அந்த வீடியோ போயிடுச்சு. தங்கச்சி வீட்டுக்காரர் போன் பண்ணி, 'மச்சான், நாலு வருஷம் படிச்சது இதுக்குத்தானா'ன்னு கேட்டாரு. அப்பாவும் அதைப் பார்த்திருக்காரு. அவரு ஒண்ணுமே கேக்கல."

டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"தப்பா சொல்லிச் சிரிச்சிருந்தா எனக்கு ஒண்ணுமில்ல. சரியாச் சொன்னேன் மேடம்."

என்ன செய்தால் சரியாகும் என்று கேட்டேன். கோப்பையா? தலையை ஆட்டினார். மறுபடி போட்டியா? அதுவும் வேண்டாம்.

"நான் சொன்ன விடை சரின்னு ஒரே ஒரு வரி, சங்கம் சார்பா யாராச்சும் சொன்னாப் போதும். அதை வீட்டுக்கு அனுப்பிடுவேன். மூணு மாசத்துல ஒர்க் பெர்மிட் முடியுது, ஊருக்குப் போறேன். அதுக்குள்ள வந்தா நல்லாருக்கும். தலைவருக்கு மனு போட்டிருக்கேன் மேடம். இன்னும் பதில் வரல."

மனு! போனில் அதன் படத்தைக் காட்டினார். கோடு போட்ட தாளில், அச்சடித்தது போன்ற கையெழுத்து. அனுப்புநர், பெறுநர், பொருள்: கடைசி வினாவின் விடை தொடர்பாக. இரண்டு நூலகப் புத்தகங்களின் பெயர், பக்க எண். கடைசி வரி இப்படி இருந்தது: 'பரிசு கோரவில்லை. விடை சரியானது என ஒரு வரி அறிவித்தால் போதுமானது எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' சங்க அலுவலகத்துக்கு லாரியில் வந்த ஒரு நண்பரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். பத்து நாளாகிவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அழுகைதான் வந்தது. கோபத்தில் வருகிற அழுகை. பக்கத்து சீட்டு சீன அம்மா டிஷ்யூ பாக்கெட்டை நீட்டினார்.

இப்போது, அந்த இன்னொரு விஷயம். நம் குடியிருப்புப் பேட்டைகளில் வாரம் ஒருநாள் சாயங்காலம் மக்கள் சந்திப்பு நடக்கும், தெரியுமல்லவா? அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் உட்கார்ந்திருப்பார். வீட்டுப் பிரச்சினை, வேலைப் பிரச்சினை, விசா பிரச்சினை என்று மக்கள் வரிசையில் நம்பர் வாங்கிக்கொண்டு வருவார்கள். தொண்டர்கள் கேட்டு எழுதுவார்கள். இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தது யார்? படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்த அந்த முதலமைச்சர்தான். தனக்கு அதிகாரம் இல்லையென்றாலும், வருகிறவர்களின் குறையைக் காது கொடுத்துக் கேட்கலாமே என்று வாராவாரம் உட்கார்ந்திருக்கிறார். பதவி போயிற்று. 1959-ல் அந்தப் பதவியின் பெயரே போயிற்று. அவர் ஆரம்பித்த வழக்கம் மட்டும் இன்றைக்கும் நடக்கிறது.

தணிகாசலம் அண்ணன் ஒவ்வொரு திங்கட்கிழமையும் தொண்டராகப் போய் மனு எழுதிக் கொடுக்கிற இடம் அதுதான். பல வருஷமாகப் போகிறார். அந்த உழைப்பை நான் குறை சொல்லமாட்டேன்.

போன வாரம் தேக்கா காப்பிக்கடையில் அவரைப் பிடித்தேன். எதிரே ஒரு கோப்பை தே தாரிக், பக்கத்தில் சங்கத்துத் தோல்பை.

"நேத்துக்கூட ஏழு லெட்டர் எழுதினேன் மா" என்று ஆரம்பித்தார். "ஒரு அம்மா, பாவம், அதிகாரிங்க பதிலே போடலைன்னு அழுவுது. ஒரு பதில் போட என்ன மா கேடு அவங்களுக்கு?"

"அண்ணே, வேல்முருகன்னு ஒருத்தர் உங்களுக்கு மனு குடுத்தாரே, வந்துச்சா?"

"எந்த வேல்முருகன்?"

"கிராஞ்சி அணி. கடைசிக் கேள்வி."

"ஓ... ஏதோ குடுத்துட்டுப் போனாங்கன்னு ஆபீஸ் பிள்ளை சொல்லுச்சு." பையைத் துழாவினார். சந்தா ரசீதுப் புத்தகம், கோவில் அழைப்பிதழ், மண்டப வாடகைத் தாள், அதற்கும் அடியில் ஒரு பழுப்பு உறை. மேலே அச்சடித்தது போன்ற கையெழுத்து. ஒட்டிய பசை ஒட்டியபடியே இருந்தது.

அவரும் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அப்போது சொன்னேன், திங்கட்கிழமை அவர் போய் உட்காரும் அந்த வழக்கத்தை ஆரம்பித்தவர் யார் என்று. அவர் ஸ்பூனால் டீயைக் கலக்கினார்.

"அப்படியா..." என்றார். கொஞ்சம் இறங்கி வருகிறார் என்று நினைத்தேன். இல்லை. "சரி மா, அடுத்த வருஷம் கேள்வியில சேர்த்துடுவோம். இப்ப மேடையில சொன்னா சங்கத்துக்கு அசிங்கம்."

"அடுத்த வருஷம் அவர் இங்க இருக்கமாட்டார் அண்ணே. மேடை வேணாம், ஒரு வரி எழுதிக் குடுங்க."

அங்கேதான் அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"என்ன மா நீங்க! மன்னிப்பு எழுதிக் குடுக்க அந்த ஆள் என்ன பெரிய முதலமைச்சரா?"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்துவிட்டேன். என் டீயைக் குடிக்கவே இல்லை.

முதலமைச்சராக இருந்தால்தான் நாம் சரியான விடையைச் சரி என்போமா? முதலமைச்சராகவே இருந்த ஒருத்தரையும் இல்லை என்றுதானே சொன்னோம்? ஒரு அரசாங்கத்துக்குத் தலைவராக இருப்பது என்றால் கொடி வைத்த கார், மாலை, முன்வரிசை என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது. வந்த மனுவைப் பிரித்துப் படிப்பதுதான் அந்த வேலையின் முதல் பாதி என்று ஒரு மனிதர் நம்பியிருக்கிறார், அறைகூட இல்லாமல். நம்மிடம் குளிரூட்டிய மண்டபம் இருக்கிறது, மைக் இருக்கிறது, தோல்பை இருக்கிறது. உறையைப் பிரிக்கக் கைதான் வரவில்லை.

சங்கம் சொல்லாது. சரி. நடுவர் மூன்று பேரில் ஒருத்தி சொல்லலாம் அல்லவா? எனக்கு மேடை கிடையாது. பத்திரிகையில் வாரம் ஒருமுறை இந்த இடம் உண்டு.

கிராஞ்சிக்காரர்களே, நாளைக் காலை லாரியில் ஏறும்போது இதை யாராவது உரக்கப் படியுங்கள். வேல்முருகன், நீங்கள் இதைக் கத்தரித்து அப்பாவுக்கு அனுப்புங்கள்.

வினாடி வினா இறுதிச் சுற்று, கடைசிக் கேள்வி. கிராஞ்சி அணித் தலைவர் வேல்முருகன் சொன்ன விடை சரி. முழு மதிப்பெண்.

அன்றைக்குக் கோடு போட்டதும் இதே பேனாதான்.